சுவரில் தொங்கும் முகம்

என் தங்கை டெஸ்ஸாவின் புருஷன் மேயோ, மாட்டுக்குடலை வேகவைத்து ரொட்டியில் வைத்து விற்கிறவன். ஃபிளாரன்ஸில் பழைய சந்தைப் பக்கம் போனவர்களுக்கு அவன் கடை வாசனையும் தெரியும், அவன் வாயும் தெரியும். கோணிப்போன மூக்கு, இடது கன்னத்தில் பட்டாணி அளவு மரு, சிரித்தால் முன்பல் இருக்காது. அவனைப் பெற்றவள்கூட அவனை அழகன் என்று சொன்னதில்லை. நான் முடிதிருத்துகிறவன், சொன்னால் நம்பலாம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் திடீரென்று முகங்களுக்கு மவுசு வந்தது. அதற்கு முன் ஓவியத்தில் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரே முகம்தான். கையில் சாவி இருந்தால் பேதுரு, வாள் இருந்தால் பவுல் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கிளம்பிய ஓவியர்களோ தெருவில் போகிறவனை உட்காரவைத்து, அவன் சுருக்கத்தையும் தொங்கும் தாடையையும் அப்படியே இறக்கினார்கள். என்னிடம் சவரத்துக்கு வரும் படித்த பிரபு மெஸ்ஸர் கால்வானோவுக்கு இதில் தலைகால் புரியாத சந்தோஷம். "இத்தனை நூறு வருஷமா வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம்பா. மனுஷனவிடப் பெரிய அதிசயம் எது, சொல்லு?" என்பார். நான் சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டுவேன்.

ஒருநாள் மேயோ கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து என் நாற்காலியில் சாய்ந்தான்.

"மச்சான், ஒரு மயிர் இல்லாம வழி. நம்ம கடையில தெனம் கடன் சொல்லித் திங்கிற வான்னி இருக்கான்ல, அந்த ஓவியன், அவன் என்னைய வரையப்போறான்."

"உன்னையா? அவன் கண்ணுக்கு என்ன கேடு?"

"சிரி, சிரி. தலைகீழாத் தொங்குற ஆள் வேணுமாம். பலகையில மல்லாக்கப் படுத்து, தலையக் கீழ தொங்கப்போடணும். யாருன்னு தெரியலையா? பேதுரு! தலைகீழாச் சிலுவையில அறைஞ்சாங்கள்ல, அவரு."

"பேதுருவுக்குத் தாடி உண்டே மாப்ளே. எதுக்கு வழிக்கச் சொல்றான்?"

"தாடிய அவன் போட்டுக்குவான். நீ ஓவியம் வரையிற ஆளா, செரைக்கிற ஆளா?"

வழித்துவிட்டேன். ரத்தம் தலைக்கு ஏறித் தலைசுற்ற, நாள்கணக்கில் பலகையில் கிடந்துவிட்டு வந்தான். தெரு முழுக்க டமாரம் அடித்தான். குடல் வாங்க வந்தவர்களிடம், "இனி எனக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் சாப்பிடணும்" என்றான். டெஸ்ஸா புது ஆடை தைத்துக்கொண்டாள்.

படத்தைத் திறந்தது கோயிலில் அல்ல. நீதிமன்ற மாளிகையின் வெளிச்சுவரில்.

ஓடிப்போன துரோகி கையில் சிக்காவிட்டால், அவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல அந்தச் சுவரில் வரைந்து, கீழே பேர் எழுதிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வருஷம் எதிரிக்குக் கோட்டை வாசலைத் திறந்துவிட்டு ஓடியவன் பிந்தோ என்கிற பிரபு. வான்னி பிந்தோவை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பழைய ஓவியனாக இருந்தால் ஏதோ ஒரு முகத்தைப் போட்டுக் கூலி வாங்கியிருப்பான். இவனுக்குத்தான் உயிருள்ள முகம் வேண்டுமே! அங்கே மூக்கு, மரு, பல் போன சந்து, புடைத்த கழுத்து நரம்பு எல்லாம் தலைகீழாகத் தொங்கின. கீழே 'துரோகி பிந்தோ' என்று எழுதியிருந்தது. புது ஆடையோடு நின்ற என் தங்கை, "அண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

முதலில் எல்லாருக்கும் வேடிக்கைதான். "என்ன மேயோ, எறங்கி வந்துட்டியா? கால் வலிக்கலையா?" என்றார்கள். அவனும் சிரித்தான். சண்டை முற்றி, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தச் சுவருக்கு வந்து முகத்தில் சேறெறிய ஆரம்பித்ததும் வேடிக்கை போய்விட்டது. அவர்களுக்கு மேயோ யார் என்று தெரியும். ஆனாலும் அங்கே எறிந்த கையோடு இங்கே வந்து ரொட்டி வாங்க மனம் ஒப்பவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அதுவும் தெரியாது. பிந்தோவின் தலைக்குப் பரிசு அறிவித்திருந்ததால், சந்தை நாளில் விவசாயிகள் மேயோவைக் கயிற்றால் கட்டிக் காவலர்களிடம் இழுத்துப் போனார்கள். காவலர்கள் விட்டுவிட்டார்கள். அடுத்த சந்தையில் வேறு ஆட்கள் மறுபடி கட்டினார்கள். நகர வாசலைத் தாண்டவே அவனால் முடியவில்லை. தாடி வளர்த்துப் பார்த்தான். எங்கள் ஊரில் தாடி வைப்பவன் துக்கக்காரன் அல்லது அந்நியன். தாடி இன்னும் நாலு கண்ணைத் திருப்பியது.

கடைசியில் கடையை டெஸ்ஸா பார்த்தாள். மேயோ கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து குடல் கழுவினான். ஊரையே பேசிச் சிரிக்கவைத்தவன் அண்டாவோடு பேசிக்கொண்டிருந்தான்.

வான்னியைப் போய்ப் பிடித்தேன். "மன்றத்து உத்தரவு இல்லாம அந்தச் செவத்துல கை வெச்சா என் கை போயிரும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டான். மெஸ்ஸர் கால்வானோவிடம் கேட்டேன். அவர் தொண்டையில் என் கத்தி இருந்த நேரம்தான். "அந்தப் படமா! அந்தக் கழுத்து நரம்பப் பாத்தியா? ஒரு மனுஷனோட வேதனைய இப்படி யாருமே வரைஞ்சதில்ல" என்றார். கத்தியை மெதுவாக எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஒருநாள் மேயோ என் கத்தியையே கேட்டான். "மச்சான், மூக்குல ஒரு கோடு, கன்னத்துல ஒரு கோடு. நீ வைத்தியத்துக்குக் கீறுறவன்தானே?"

"போடா, பைத்தியக்காரா."

"இந்த மூஞ்சி என்னோடதுன்னு நெனச்சியா? அது பிந்தோ சொத்து மச்சான். நான் வாடகைக்கு இருக்கேன்."

என்னால் முடியாது என்று அழுதுவிட்டேன். அவன்தான் எனக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தான்.

அப்புறம் அவனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. பிந்தோவை மன்னித்துவிட்டால் படத்தை அழித்துவிடுவார்கள். கோட்டையைக் காட்டிக்கொடுத்தவனுக்காக இந்த ஊரில் மெழுகுவத்தி ஏற்றிய ஒரே ஆள் என் மாப்பிள்ளைதான். "ஆண்டவரே, அந்தத் திருட்டுப் பயலுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் குடு" என்று முழங்காலிட்டான். அவன் முடியெல்லாம் நரைத்துப்போனது.

கேட்டது கிடைத்தது. ஆட்சி மாறி, ஓடிப்போனவர்களைத் திரும்ப அழைத்தார்கள். ஒல்லியாக, எடுப்பான மூக்கோடு வந்து இறங்கிய பிந்தோவை, "நீயா? பிந்தோ மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்று அவன் வீட்டுக் காவல்காரனே தடுத்துவிட்டானாம். படத்தை அழிக்க நாள் குறித்தார்கள். மேயோ என்னிடம் வந்து மழுமழுவென்று வழித்துக்கொண்டான். பட்டப்பகலில், தலையை நிமிர்த்தி, டெஸ்ஸாவின் கையைப் பிடித்துச் சதுக்கத்துக்கு நடந்தான்.

கொத்தனார் சுண்ணாம்பு வாளியோடு ஏணியில் ஏறிவிட்டார். அப்போதுதான் மெஸ்ஸர் கால்வானோ நண்பர்களோடு ஓடிவந்தார். "நிறுத்துப்பா! காட்டுமிராண்டிங்களா நாம? இதுல மனுஷன் இருக்கான்!" பிந்தோ சுவரை அண்ணாந்து பார்த்துத் தோளைக் குலுக்கினான். "மூஞ்சி என்னோடது இல்ல. பேரு போனாப் போதும்" என்றான். அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். கொத்தனார் பேரை மட்டும் சுரண்டினார்.

"ஐயா, அது நான்!" என்று மேயோ கத்தினான்.

கால்வானோ திரும்பினார். தலையைச் சாய்த்து அவன் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "அதே மூக்கு! குடுத்துவெச்சவன்பா நீ. நாமெல்லாம் மண்ணாப் போனப்புறமும் நீ இருப்ப."

"தொங்குவேன்னு சொல்லுங்க ஐயா" என்றான் மேயோ.

அவன் பின்னறைக்குத் திரும்பிப் போனான். பிறகு வெளியே வரவில்லை. இப்போது அந்தச் சுவரில் பேர் இல்லை. வெளியூர்க்காரர்கள் நின்று யார் இது என்று கேட்கிறார்கள். தெருப்பிள்ளைகள் உடனே, "குடல்கார மேயோ" என்கிறார்கள். அவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்டால் மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.