கவிழ்த்து வைத்த எரிமலை

சி.பி. வானொலி என்றால் என்னோடு படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உரிமத் தேர்வு எழுதாமல் சாதாரணச் சனம் காற்றில் பேசக் கிடைத்த வழி அது. ஜெர்மனியில் அனுமதித்தபோது பன்னிரண்டு சானல், அரை வாட் சக்தி, அவ்வளவுதான். அதற்குள்தான் ஊர் முழுக்க முட்டி மோதியது. யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. ஒரு புனைபெயர், ஒரு தபால் பெட்டி எண். குரல் கேட்டால், எந்தச் சானல், எவ்வளவு தெளிவு என்று எழுதி அட்டை அனுப்புவார்கள். ஆந்தை, பீர் குவளை, லொறி என்று ஆளுக்கொரு படம். பேசியதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

பீலெஃபெல்ட் நகரில் நான் சேர்ந்த சி.பி. சங்கத்தில் அப்படிப் பதினொரு ஆல்பங்கள் இருந்தன. வரலாற்று மலர் போடப்போகிறோம் என்றதும் அட்டைகளை ஒழுங்குபடுத்தும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். ஏழாவது ஆல்பத்தில் பேனாவால் வரைந்த ஒரு எரிமலை. கீழே ‘வெசூவியோ’ என்று இத்தாலியின் நேபிள்ஸ் எரிமலையின் பெயர்.

“நம்ம இத்தாலியன்,” என்றார் செயலாளர், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். “தங்கமான பயல். திடீரென்று குரல் நின்றுபோனது. ஊருக்குத் திரும்பியிருப்பான்.”

படத்தை மறுபடி பார்த்தேன். மலையின் உடம்பெல்லாம் பின்னல் கோடுகள். அது எரிமலையே இல்லை. கவிழ்த்து வைத்த நீத்துப்பெட்டி. எங்கள் வீட்டில் பிட்டு அவிக்கிற கூம்பு ஓலைப்பெட்டி நேபிள்ஸ்காரன் எவனுக்குத் தெரியும்? பின்பக்கத்துக் கையெழுத்து அப்பாவுடையது.

வீட்டில் கேட்டேன். அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார்.

“ஓம், நான்தான். அப்ப ஹைமில, அகதியள் விடுதியில இருந்தனான். மாவட்டத்தை விட்டு வெளியில போக ஏலாது. குரல் போகும்தானே.”

“ஏனப்பா இத்தாலியன்?”

“முதல் நாள் இலங்கை எண்டுதான் சொன்னனான். எல்லாரும் சானலை மாத்திப்போட்டாங்கள். அடுத்த நாள் நேபிள்ஸ் எண்டன். பீட்சா எப்பிடிச் செய்யிறது எண்டு கேட்டாங்கள்.”

“சொன்னீங்களா?”

“கறித்தூள் போடச் சொன்னனான்.”

சிரித்தேன். சிரித்து முடித்ததும் செயலாளரின் வார்த்தை நினைவுக்கு வந்தது. சானலை மாற்றியவர்கள்தானே இன்று ‘தங்கமான பயல்’ என்கிறார்கள்? வெசூவியோ என் அப்பா, மலரில் உண்மை வரவேண்டும் என்று செயலாளரிடம் விடாமல் நின்றேன். “அவரே வந்து சொல்லட்டும்,” என்றார். பழைய கருவிகள் பார்க்கலாம் என்று பொய் சொல்லி, சனிக்கிழமை அப்பாவைச் சங்கத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஐந்து கிழவர்கள், காப்பி, கேக். செயலாளர் அட்டையை மேசையில் வைத்தார். “இது உங்களுடையதா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி மாட்டினார். “இல்லை,” என்றார் சுத்தமான ஜெர்மன் மொழியில். “மகளுக்குக் கொஞ்சம் கற்பனை அதிகம். மன்னியுங்கள்.”

“பார்த்தாயா, வெசூவியோ கறுப்பனாம்,” என்று ஒருவர் இன்னொருவரின் தோளில் தட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

டிராமில் வெடித்தேன். “ஏன் பொய் சொன்னீங்கள்?”

“மெல்லக் கதை, பிள்ளை. அரை வாட்டில என்ர குரல் ஆருக்குக் கேக்கும்? சக்தி கூட்டுற பெட்டி ஒண்டு களவா வச்சிருந்தனான். ஆம்ட்டுக்கு, அரசாங்கக் கந்தோருக்குத் தெரிய வந்தா?”

“நீங்கள் ஜெர்மன் குடிமகன் அப்பா. இந்தப் பெட்டிக்காக இனி ஆர் வரப்போறான்?”

“பாஸ்போர்ட் தந்தவங்களுக்கு எடுக்கவும் தெரியும். செய்தி பாக்கிறேல்லையா?”

பார்க்கிறேன். குடியுரிமையைத் திரும்பப் பறிப்பது பற்றித்தான் மேடைகளில் பேச்சு. அவரைக் கட்டாயப்படுத்தவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் மலரின் திருத்தப் பிரதி என் கைக்குத்தான் வந்தது. ‘எங்கள் இத்தாலிய நண்பர் மகிழ்ச்சியாகத் தாயகம் திரும்பினார்’ என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: ‘வெசூவியோ எங்கிருந்து பேசினார், எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.’

செயலாளர் தொலைபேசியில் வந்தார். “இது நம்மைக் கெட்டவர்கள் மாதிரி காட்டுகிறதே.”

“விசாரித்தவர் யாரென்று சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.”

“யோசித்துச் சொல்கிறேன்,” என்று வைத்தார். அச்சகத்துக்கு அனுப்பும் நாள்வரை காத்திருந்தேன். ஒரு பெயரும் வரவில்லை. அந்த வரியோடே அனுப்பினேன்.