கொசுறு போட்ட பந்து

என் தங்கை பதினான்கு வருஷம் டென்னிஸ் ஆடிப் பிழைத்தாள். உலக வரிசையில் அவள் தொட்ட உச்சம் நூற்றுத் தொண்ணூற்றாறாவது இடம். ஒரு திங்கட்கிழமை அங்கே ஏறினாள், அடுத்த திங்கட்கிழமை இறங்கினாள். டென்னிஸ் தெரிந்தவர்களிடம் அவள் பெயரைச் சொன்னால், கொஞ்சம் யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். வீட்டில் அவள் பெயர் கொசுறு. நான் பிறந்து எட்டு வருஷம் கழித்து, இனிமேல் எதற்கு என்று தொட்டிலை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட பிறகு வந்து சேர்ந்தவள். அப்பா வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அம்மாவுக்கு ஒரு டென்னிஸ் கிளப்பின் வரவேற்பு மேசையில் வேலை. பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் அங்கே போய், அம்மாவின் நேரம் முடியும்வரை காத்திருப்போம். நான் மேசையின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். கொசுறு பின்பக்கச் சுவரில் பந்தடிப்பாள். பன்னிரண்டு வயதிலேயே, ஆட வரவேண்டிய ஆள் வராமல் போன உறுப்பினர்களுக்கு இவளைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் தொந்தியும் முதுகுவலியுமாக வருகிறவர்கள். ஜெயிப்பது அவர்களுக்குப் பெரிதில்லை, இன்றைக்கு நன்றாக அடித்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகவேண்டும். கொசுறு அதைத் தாராளமாகக் கொடுத்தாள். யாருக்கு எந்த உயரத்தில் பந்து வந்தால் பிடிக்கும், யாருக்கு எங்கே வலிக்கும் என்பதெல்லாம் அவள் கைக்கு மனப்பாடம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவளுக்குத் தொட்டில் இல்லாததால் கிளப்பில் பிடித்துக்கொண்டது.

பிறகு ஊர் ஊராகச் சின்னப் போட்டிகள். விடுதி அறையின் தொட்டியில் துணி துவைத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, காயாததை அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு அடுத்த பஸ் பிடிப்பாள். நான் போய்ப் பார்த்த ஓர் ஆட்டத்துக்கு என்னையும் சேர்த்து நான்கு பேர் கூட்டம். இருவர் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தவர்கள், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாடகையை மிச்சம் பிடிக்க அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் ஒரு நெட்டைப் பெண். நாங்கள் அவளை நெட்டை என்றே சொல்வோம். இரண்டு வருஷத்தில் நெட்டை மளமளவென்று மேலே போய்விட்டாள். கொசுறு அறையில் தனியாக இருந்தாள்.

உலகத்தின் மிகப் பெரிய போட்டிகள் நான்கு. அவற்றில் ஒன்றிலாவது முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம், தோற்றாலும் பரவாயில்லை, ஆடிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதற்கு முன்னால் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். பதினோரு முறை முயன்றாள். இருபத்தொன்பதாவது வயதில்தான் மூன்றாவது ஆட்டம்வரை வந்து, அதில் தோற்றாள்.

அப்படித் தோற்றவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. நடுவர் அலுவலகத்தில் தினமும் காலையில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். முதன்மைச் சுற்றில் யாராவது உடம்பு சரியில்லை என்று விலகினால், பட்டியலில் முதலில் இருப்பவர் உள்ளே போகலாம். ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே விலக வேண்டும். தொடங்கிவிட்டால் கதவு சாத்தியாயிற்று. கொசுறின் பெயர் பட்டியலில் முதலாவது.

நான் வேலை பார்த்த கண்ணாடிக் கடையில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். முதல் சுற்று முடிய இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் முழுக்க ராக்கெட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தோம். யாருக்காவது ஒரு வயிற்றுப்போக்கு வராதா என்று நான் வேண்டிக்கொண்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசி நாள் காலையில் நெட்டை வந்தாள். இடது மணிக்கட்டில் ஒரு வாரமாக வலியாம். ஒரு மணிக்கு ஆட்டம்.

"அரைமணி நேரம் எனக்குப் பந்து போடு. வலிச்சா பேரை எடுத்துடறேன். உனக்குத்தானே போகும், எனக்கும் சந்தோஷம்தான்" என்றாள்.

பயிற்சித் திடலின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கொசுறு போட்ட பந்துகள் எல்லாம் நெட்டையின் வலப்பக்கம், இடுப்பு உயரத்தில், பதமாகப் போய் விழுந்தன. இடப்பக்கம் வரும் பந்துக்கு நெட்டை ராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து அடிப்பவள், இடது மணிக்கட்டுக்கு வேலை அங்கேதான். அந்தப் பக்கம் போடச் சொன்னபோது ஏழெட்டுப் பந்து போனது. எல்லாம் பஞ்சு மாதிரி. நெட்டை மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வலியே இல்லை, ஆடுகிறேன் என்றாள். என் தங்கையைக் கட்டிக்கொண்டு நன்றி வேறு சொன்னாள்.

ஒரு மணி ஆட்டத்தில் நான்காவது கேம். எதிராளி முதல்முறையாக இடப்பக்கம் ஓங்கி ஒன்று போட்டாள். நெட்டை ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலுக்கு வந்ததும் கொசுறைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, நீ ஒரே ஒரு பந்து ஓங்கி அடிச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்புறம் ஏன் அடிக்கல?"

"தோணவே இல்லக்கா. வலிக்குதுன்னு சொன்னா. கை தானா மெதுவாப் போட்டுடுச்சு."

தியாகம் என்று சொல்லியிருந்தால்கூட நான்கு திட்டுத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். இது தியாகமுமில்லை, முட்டாள்தனமுமில்லை. இவளிடம் அப்படி ஒரு பந்தே கிடையாதோ, அதனால்தான் வாழ்நாள் முழுக்கத் தோற்றாளோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது. அதை அவளிடம் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்தில் ஆட்டத்தை விட்டாள். அந்த முதன்மைச் சுற்று கடைசிவரை கிடைக்கவே இல்லை. இப்போது ஒரு பயிற்சிக்கூடத்தில் வேலை. அடிபட்டுத் தேறி வரும் ஆட்டக்காரர்களுக்குப் பந்து போடுவாள். பெரிய பெரிய ஆட்கள்கூட இவளைத்தான் வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

எனக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு, டாக்டர் சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு ஆடுகிறேன். ஆடுகிறேன் என்பது பேச்சுக்கு. நின்ற இடத்தில் நிற்பேன், பந்து என் ராக்கெட்டைத் தேடிக்கொண்டு வரும். போன வாரம் திடீரென்று கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நெட்டைக்குப் போடாத பந்தை எனக்கு ஒண்ணு போடு."

பந்தை இரண்டு முறை தரையில் தட்டினாள். பிறகு அடித்தாள். பந்தை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அது என் இடப்பக்கமாகப் போய், பின்னால் கம்பி வேலியில் சிக்கியிருந்தது. வேலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இது எப்பவும் உன்கிட்ட இருந்துச்சா?"

"இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வலையருகே வந்து, முட்டி வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நீ போடு என்றேன். அடுத்த பந்து என் வலக்கைக்கு நேராக, இடுப்பு உயரத்தில் வந்தது.