ஒளி வென்ற அத்தியாயமும் என் சட்டைக் காலரும்

இன்று, செவ்வாய்க்கிழமை, காலை 7.20 மணிக்குக் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் நிகழ்ந்தது.

எதிர் இருக்கையில் உருக்காலைத் தொழிலாளர் இருவர். இளையவர் கைப்பேசியில் ஒரு மாயாஜாலத் தொடர்கதையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒளியின் அரசன் சூரியனையே தரைக்கு இறக்க, இருளின் மக்கள் அனைவரும் வெந்து மடியும் இறுதிப் போர்.

"செம்மயா கீதுல்ல, ணா? ஒருத்தன வுடாம எரிச்சுட்டான்!"

மற்றவரின் இடக் கன்னம் முழுவதும் தீக்காயத் தழும்பு. அவர் கைப்பேசியைப் பிடுங்கித் தரையில் அடித்தார்.

"வெளிச்சம்னா நல்லதா? ஃபர்னஸ் வெடிச்சப்ப பாத்தன்டா வெளிச்சத்த. என் தம்பி அதுலதான் போனான்!"

அடுத்த கணம் குத்து விழுந்தது. இளையவரின் மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது.

"சனிக்கிழம எவனோ போட்ட கதைக்கு என்ன ஏன்ணா அடிக்கிற?"

"சனிக்கிழமை அல்ல, ஞாயிற்றுக்கிழமை. எழுதி வெளியிட்டவன் நான்" என்று திருத்தினேன். கிழமைப் பிழையை என்னால் பொறுக்க இயலாது.

மறுநொடி என் காலர் தழும்புக்காரரின் பிடியில் இறுகியது. தலை ஜன்னல் கம்பியில் மோதியது.

"யோவ் பெர்சு, எரியற மனுசன நீ பாத்துக்கீறியா?"

"இல்லை."

"அப்பறம் இன்னாத்துக்குயா எழுதற?"

அவர் கை தளர்ந்தது. தம் துண்டை எடுத்து இளையவரின் மூக்கைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்த அத்தியாயத்தைக் காலை 10.15 மணிக்கு நீக்கிவிட்டேன். இருளின் மக்கள் இப்போதைக்கு உயிருடன் இருக்கிறார்கள். ஒளி வென்றே தீரவேண்டும் என்போர் இப்பதிவின் கீழே, கருத்துப் பெட்டியில் தாராளமாக வாதிடலாம். அங்கிருந்து எவரும் என் சட்டையைப் பிடிக்க முடியாது.