காலுக்கு எட்டாத சொகுசு சீட்

எங்கள் வீட்டில் டூரிங் பைக்கை ஓட்டுவது நான்; பின்னால் உட்காருவது என் கணவர். டெலானிபூரிலிருந்து எங்கள் தீவுகளின் வடகோடியிலுள்ள டிக்லிபூர் வரை ஒருமுறை போய் வந்ததில் அவருக்கு இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. அதனால் மெயின்லேண்டிலிருந்து அகலமான ஜெல் சீட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதை மாட்டி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியபடியே இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

"சோபா மாதிரி இருக்கு" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கரையிலுள்ள பம்பூஃப்ளாட் போகக் கிளம்பினோம். சாத்தம் படகுத்துறையில் கடல் நீர் வடிந்திருந்ததால், வண்டிகளை ஏற்றும் படகுக்குள் இறங்கும் இரும்புப் பலகை நன்றாகச் சரிந்திருந்தது. பாதியில் முன்னால் போன ஆட்டோ நின்றுவிட்டது. நானும் பிரேக் பிடித்துக் காலை ஊன்றப் பார்த்தேன். சீட்டின் அகலத்தில் தொடை விரிந்து, கால் தரைக்கு எட்டவில்லை. வண்டி கடல் பக்கம் சாய்ந்தது.

"பாபி, பிரேக் மத் சோட்னா" என்று, அண்ணி, பிரேக்கை விடாதீங்க என இந்தியில் கத்தியபடி ஓடிவந்த படகு ஊழியர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். கணவர் குதித்து இறங்கிப் பின்பக்கத்தைத் தாங்கினார். மூவருமாக வண்டியை மெல்லப் படகுக்குள் இறக்கி நிறுத்தினோம்.

"நல்லவேளை, நீ பிரேக்கை விடல" என்றார் கணவர்.

மறுநாள் லம்பா லைனில் ஒரு சீட் கடையில் பக்கவாட்டு நுரையைச் செதுக்கச் சொல்லி, உயரத்தையும் குறைக்கவைத்தேன். பிறகு மரைன் ஹில் சரிவில் கணவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை நிறுத்தினேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. இப்போது யார் சீட் மாற்ற யோசனை கேட்டாலும், முதலில் இப்படிச் சரிவில் நிறுத்திக் கால் எட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். மெத்தென்று இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.