எழுதாத தாளில் கையெழுத்து

காலை 8.20. குடியரசு தினம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பஸ், இருபத்தெட்டு கிலோமீட்டர். மனிதர்கள் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய் வருஷக்கணக்காகிறது. ஓட்டுப் போடுவதையும் விட்டாயிற்று. பிறர் பொருளைத் திருடியவன் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சோழர் காலத்தில் வெட்டிவைத்த கல்வெட்டையாவது பார்த்து வரலாமென்று கிளம்பினேன்.

9.40. வைகுண்டப் பெருமாள் கோயில். கல்வெட்டுக்கு முன்னால் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. விளக்கப் பலகையைக்கூட ஒருவரும் படிக்கவில்லை. நான் வாய்விட்டுத் திட்டியது வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்ற விஜயா என்ற பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. நாற்பது வயதிருக்கும், நடவு வேலைக்குப் போகிறவர்.

"இன்னா சார், கல்லாண்ட கோவிச்சிக்கினு கீறீங்க? எங்க ஊர்ல இன்னிக்கி கிராம சபை. குவாரி வெடியில என் வூட்டு செவுரு பொளந்து கீது. கேக்கப் போறேன், வந்து பாருங்க."

ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஊர்ப்பெயர் வேண்டாம்.

11.00. ஊராட்சி அலுவலக வாசலில் சாமியானா. போனதுமே செயலர் பதிவேட்டை நீட்டினார். இங்கே வழக்கம் இதுதான்: முதலில் கையெழுத்து, பிறகு டீ, தீர்மானம் எழுதுவதெல்லாம் அப்புறம். தாளின் கீழ்ப்பாதி முழுக்கக் கையெழுத்துகள், மேல்பாதியில் ஓர் எழுத்து இல்லை. விஜயாவும் போட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமே எழுதாத தாள்ல கையெழுத்துப் போடுவீங்களா? குவாரி வேணும்னு எழுதிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று விஜயாவிடம் சீறினேன்.

"எப்பவும் அப்பிடித்தான் சார். மேல அப்பறமா எழுதிக்குவோம்" என்றார் செயலர், நிதானமாக.

விஜயா கொஞ்சம் யோசித்தார். "சார், பேனா குடுங்க" என்றார். கொடுத்தேன். பதிவேட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மேல்பாதியில் பெரிதாக எழுதினார்: 'குவாரி வெடி வேண்டாம். வீடு இடியுது.'

"ஏம்மா, இன்னா பேஜார் பண்ணிக்கினு கீற!" என்று செயலர் பாய்ந்து வந்தார்.

"இன்னா பேஜாரு? மேல எழுதிக்கலாம்னு நீதான சொன்ன? எழுதிட்டேன். கையெழுத்து எல்லாம் கீது பாரு."

பந்தலில் யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து நேரே என்னிடம் வந்தார். "நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்களா?"

விஜயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. நான் வெளியூர். கோயில் பார்க்க வந்தேன்" என்றேன்.

12.40. திரும்பும் பஸ். அந்தத் தாளை வைத்துக்கொண்டார்களா, கிழித்தார்களா, தெரியாது. இருந்து பார்க்க எனக்குத் துப்பில்லை. வெட்கமாக இருந்தது. சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக் கூட்டத்திலும் முதலில் கையெழுத்துதான். பதினொரு வருஷமாகப் போடுகிறேன். மேலே என்ன எழுதினார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.