வண்டி தன் கரியை எரிக்கும் நேரம்

எங்கள் வண்டி ஒரு டீசல் பிக்கப். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. கணவர் படப்பிடிப்புகளுக்கு விளக்குகளும் ஸ்டாண்டுகளும் வாடகைக்குக் கொடுக்கிறார். அதற்காக வாங்கியது. வீட்டில் வேறு வண்டி கிடையாது. அவர் நொய்டாவில் ஏதாவது ஒரு ஸ்டுடியோவுக்குள் நாள் முழுக்க அடைந்து கிடக்கும்போது, அந்த யானையை நான்தான் ஓட்டிக்கொண்டு போய் மகளை நர்சரியில் விடுவேன், மதியம் அழைத்து வருவேன். மோதி பாகில் எங்கள் குடியிருப்பிலிருந்து பள்ளி வண்டிக்குப் பக்கம், நடைக்குத் தூரம். நடுவில் வரிசையாகச் சிக்னல்கள்.

எங்கள் பழைய வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி டில்லிக்குள் ஓட்டக்கூடாது என்றார்கள். விற்றோம். புதிய வண்டியின் சைலன்சர் வழியில் ஒரு ஃபில்டர் இருக்கிறது, கரி வெளியே வராது என்று ஷோரூமில் சொன்னார்கள். நவம்பர் பிறந்தால் என் மகளுக்கு இழுப்பு வந்துவிடும். கரி வராது என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. பிடித்து வைத்த கரியை அந்த ஃபில்டர் பிறகு என்ன செய்யும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சில மாதங்களிலேயே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கணவருக்கு போன் செய்தேன்.

"அது ஒண்ணுமில்ல அம்மிணி. ஃபில்டர்ல கரி ரொம்பிருச்சுன்னா வண்டியே கொஞ்சம் டீசலைக் கூட ஊத்தி, நல்லா சூடாக்கி, அதை எரிச்சுக்கும். நீ பாட்டுக்கு ஓட்டு. எரியறப்ப நடுவுல மட்டும் ஆஃப் பண்ணிராத."

"எவ்வளவு நேரம் எரியுமுங்க?"

"ஒரு இருபது நிமிஷம். ஒரே வேகத்துல போகோணும்."

"டில்லியில எங்கீங்க மாமா ஒரே வேகத்துல போறது?"

"ரிங் ரோடுல போயேன்."

"காலைல ஒம்பது மணிக்கா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சொன்னால் கேட்கிற ஆள் நான். சிவப்பு விழுந்தால் எஞ்சினை அணையுங்கள் என்று சந்திக்குச் சந்தி பலகை வைத்தார்கள். குளிர்காலத்தில் பிள்ளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று கேட்டார்கள். அணைத்தேன். பக்கத்தில் யாருமே அணைக்காதபோதும் அணைத்தேன். பள்ளி வாசலில் எஞ்சின் ஓடக்கூடாது என்று பள்ளியில் சொன்னார்கள். அங்கும் அணைத்தேன். குழந்தைகள் மூச்சு விடுகிற இடம், அணைப்பதுதானே நியாயம்? ஆக, காற்றுக்காக வாங்கிய ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கிளம்பும்போதெல்லாம், காற்றுக்காக நான் அதை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

விளக்கு அணையவே இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்தார், சர்வீஸ் அட்வைசராம். வண்டியில் ஒரு வயரைச் செருகிக் கணினியைப் பார்த்தார். இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசினார்.

"மேடம், வண்டியில ஒரு தப்பும் இல்ல. உங்க டிரைவிங் பேட்டர்ன்தான் சரியில்ல. எரியும்போது நடுவுல நடுவுல பந்த் பண்ணிடறீங்க."

"சிக்னல்ல அணைக்கச் சொல்றாங்களே."

"அது மத்த வண்டிக்கு மேடம். நீங்க வாரம் ஒரு தடவை ஹைவேல ஓட்டணும். சண்டே ஃபேமிலியோட முர்தல் போங்க, பராட்டா சாப்பிடுங்க, வாங்க. காடி பீ குஷ், பச்சா பீ குஷ்."

வண்டியும் சந்தோஷம், குழந்தையும் சந்தோஷம். இதைச் சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். டில்லியில் விற்கிற வண்டி டில்லியில் ஓடாது, அதை ஓட வைக்க ஒவ்வொரு ஞாயிறும் ஊரைத் தாண்டிப் போய் டீசலை எரித்துவிட்டு வர வேண்டும். இதை விற்கும்போது சொல்ல இவர்களுக்கு என்ன தடை? கேட்க நினைத்தேன். பின்னால் வரிசை நின்றது. ஒருவேளை நான்தான் சரியாக ஓட்டவில்லையோ என்றும் ஒரு சந்தேகம். தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தத் தேங்க் யூ நெஞ்சிலேயே நின்றது.

மார்ச் பிறந்தது. டில்லியில் மரங்கள் அப்போதுதான் இலையைக் கொட்டும். காலையில் பெருக்குபவர்கள் அள்ளி அள்ளிச் சுவரோரம் குவித்து வைப்பார்கள்; லாரி வரும்வரை அது அங்கேயே கிடக்கும்.

அன்று மதியம் பள்ளியை நெருங்கும்போதே வண்டி எரிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குள் எனக்கு அடையாளம் பழகியிருந்தது: முன்னால் ஃபேன் இரையும், இஸ்திரிப் பெட்டியை நைலான் துணிமேல் வைத்ததுபோல ஒரு வாடை வரும். இன்றைக்கு அணைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வாசலில் காவலாளி கையைக் காட்டினார்.

"மேடம் ஜி, காடி பந்த் கரோ."

"பையா ஜி, இப்ப அணைக்கக் கூடாது. ஃபில்டர் எரிஞ்சிட்டிருக்கு."

"எல்லாரும் ஏதாவது சொல்றாங்க மேடம் ஜி. நேத்து ஒருத்தர், நாய்க்கு ஏசி வேணும்னார். அணைக்க மாட்டீங்கன்னா முன்னாடி போய் நில்லுங்க."

முன்னால் போய்ப் பூங்காச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். உயரமான வண்டி; சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இறங்கவும் பயம். போன் செய்ததும் பள்ளி ஆயா மகளைக் கூட்டி வந்து பின்சீட்டில் உட்கார வைத்தார். பெல்ட்டை மாட்டிய பிறகுதான் தண்ணீர் பாட்டில் வகுப்பிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. எடுத்து வர ஆயா திரும்பிப் போனார்.

"மம்மா, யாரோ தூப் காட்டறாங்க," என்றாள் மகள்.

எனக்கும் வாடை வந்தது. நைலான் வாடை இல்லை, சருகு வாடை. இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது.

அணைப்பதா, முன்னால் நகர்த்துவதா, குழந்தையை எடுப்பதா? அணைக்காதே என்று ஒருவர், அணை என்று இன்னொருவர், இத்தனை நாளும் மாற்றி மாற்றிச் சொன்னது எல்லாம் அந்த நொடியில் தலைக்குள் ஒன்றாக நின்றது. கை சாவியில் இருந்தது, திருப்பவில்லை. பிறகு இறங்கி ஓடி, பின்கதவைத் திறந்து, பெல்ட்டோடு போராடி அவளைத் தூக்கிக்கொண்டேன். பாட்டிலோடு திரும்பி வந்த ஆயா அவளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினார். எதிரே தள்ளுவண்டியில் நிம்பு பானி, எலுமிச்சைச் சாறு, விற்பவர் வாளியோடு ஓடி வந்து, "ஆகே லோ, ஆகே லோ," என்றார். ஏறி வண்டியை முன்னால் எடுத்தேன். அது நின்ற இடத்தில் ஒரு பாய் அளவுக்குச் சருகு கனன்றுகொண்டிருந்தது. அவர் தண்ணீரை வீசினார். கூடியவர்களில் ஒருவர், "கேஸ் கிட் போட்டிருக்கும், அதான்," என்றார். இன்னொருவர், "லேடீஸுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி," என்றார். நான் மகளின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டி ஆறியதும், அவளை முன்சீட்டில் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மெதுவாக நேரே சர்வீஸ் சென்டருக்கு விட்டேன். வழியெல்லாம் இப்படி ஏற்றி வருவது சரியா என்று மனசு அடித்துக்கொண்டது. அதே அட்வைசர். அடியில் குனிந்து பார்த்தார்.

"ஒரு வயர் உறைதான் உருகியிருக்கு, மாத்திடலாம். ஆனா இலை மேல பார்க் பண்ணக் கூடாது மேடம். பேசிக் திங்."

"மார்ச் மாசத்துல டில்லியில இலை இல்லாத ரோடு ஒண்ணு காட்டுங்க."

ஃபில்டரில் இருக்கும் கரியை இங்கேயே எரித்துக் கொடுத்துவிடுகிறோம், கவலைப்படாதீர்கள் என்றார்.

பின்கட்டில் திறந்த வெளிக்கு வண்டியைக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு காய்ந்த இலைகூட இல்லை. சிமெண்டுத் தரை கழுவிவிட்டதுபோல இருந்தது. இரண்டு பேர் ஆரஞ்சு நிறக் கோன்களைச் சுற்றிலும் வைத்தார்கள். ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரைக் கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். எஞ்சின் இரையத் தொடங்கியதும் எல்லோரும் விலகி நின்றார்கள். அட்வைசர் என்னிடம் வந்து, ரொம்ப அக்கறையாக, "மேடம், குழந்தையைத் தூரமா நிறுத்துங்க. பஹுத் கரம் ஹோதா ஹை, ரொம்பச் சூடாகும்," என்றார்.

அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. அப்போதுதான் கோபம் வந்தது.

"தூரமாவா? இன்னிக்கு மத்தியானம் இதே எரியும்போது அவ இதுக்கு மேலதான் உட்கார்ந்திருந்தா. உங்க இடத்துல கோன் இருக்கு, சிலிண்டர் இருக்கு, சுத்தமான தரை இருக்கு. ஸ்கூல் வாசல்ல எனக்கு யார் கோன் வைப்பாங்க?"

"மேடம், இது வெறும் சேஃப்டி ப்ரொசீஜர்."

"என் குழந்தைக்கு எந்த ப்ரொசீஜர்? அதைச் சொல்லுங்க. எரியும்போது அவளை எங்க உட்கார வைக்கணும்?"

அவர் மேனேஜரைக் கூப்பிடுவதாகச் சொன்னார். மேனேஜர் வரவில்லை, டீ வந்தது. நான் குடிக்கவில்லை. எல்லாம் முடிந்து, விளக்கு அணைந்துவிட்டது பாருங்கள் என்று சாவியை நீட்டினார்கள். வாங்கி, அவர்கள் மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவிலிருந்தே கணவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லியே?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சாவி?" என்றார்.

"அங்கயே வெச்சுட்டேன். நீங்க போய் எடுத்துக்கங்க. விளக்கு ஸ்டாண்டுகளை ஏத்திட்டு எங்க வேணா போங்க. பாப்பா அதுல ஏற மாட்டா."

"ஊருல எத்தனை பேரு ஓட்டறாங்க அம்மிணி. நீ பயப்படறே."

"ஆமாங்க, பயப்படறேன்."

"ஸ்கூலுக்கு எப்படிப் போவா?"

"பஸ்ல."

"வெயில்ல நிக்கோணும்."

"நிக்கறோம்."

அப்படித்தான் நிற்கிறோம். சில நாள் பஸ் வராது, வந்தால் நிற்காது. மகள் வேர்த்து, "ஜல்தி மம்மா, மேம் திட்டுவாங்க," என்று புடவையை இழுப்பாள். என் பிடிவாதத்துக்காகக் குழந்தையை வாட்டுகிறேனோ என்று அப்போது தோன்றும். போன வாரம் ஒரு நாள் காலையில் கணவர் வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப்பில் பிக்கப்பை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"ரெண்டு பேரும் ஏறுங்க. நாந்தான ஓட்டறேன்."

"மஞ்சள் லைட் எரியுதுங்களா?"

அவர் டேஷ்போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, எங்களுடையதுதான். மகளைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி ஓடினேன்.