சாமியறையில முளைச்ச தாமரை

ஊஸ்டர் எண்ட இந்தக் குளிர் ஊரில, மூண்டாம் மாடிப் பல்கனியில நான் தாமரை வளக்கிறன் எண்டால் சனம் என்னை ஒரு மாதிரித்தான் பாக்கும். பாக்கட்டும்! பெரிய தொட்டி, அடியில களிமண், மேல தண்ணி, அவ்வளவுதான். மூண்டு கோடையும் இலை குடை குடையா வந்துது, பூ மட்டும் எட்டியும் பாக்கேல்லை. ஒரு பூ, ஒரேயொரு பூ பாத்தாக் காணும் எண்டு கிடந்தன்.

இந்தக் குளிருக்கு அதை வெளியில விடேலாது. கிழங்கு உறைஞ்சால் கதை முடிஞ்சுது. இலை காஞ்ச உடன வெட்டிப்போட்டு, கிழங்கைச் சேத்தோட வாளிக்குள்ள வைச்சுக் கட்டிடத்துக்குக் கீழ இருக்கிற நிலவறைக்கு, கெல்லருக்கு, கொண்டுபோறது. அங்க இருட்டு, அளவான குளிர். சித்திரை வரைக்கும் நல்லா நித்திரை கொள்ளும்.

என்ர மனுசனுக்கு அது பிடிக்கேல்லை. "லட்சுமி இருக்கிற பூவைப் பழஞ் சப்பாத்துக்கும் காரின்ர டயருக்கும் பக்கத்தில வைக்கிறீரோ?" எண்டார்.

"பூ வரட்டும், பிறகு லட்சுமி இருக்கட்டும். இப்ப இது வெறும் கிழங்கு" எண்டன். ஆள் வாளியைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனார். அப்பவே எனக்கு விளங்கியிருக்க வேணும்.

தைப்பொங்கலுக்குச் சாமியறையைத் துடைக்கப் போனால், ஹீற்றருக்குப் பக்கத்தில என்ர வாளி! பட்டுத்துணி வேற சுத்தியிருக்கு. உள்ள நூல்மாதிரி ரெண்டு வெளிறின தண்டு. "ஐயோ, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? சூட்டில எழும்பிட்டுது. வெயிலுமில்லை. இனித் தன்ர கிழங்கையே திண்டு செத்துப்போகும். திருப்பிக் குளிருக்க வைச்சாலும் அழுகும்!" நான் கத்தின கத்தில பொங்கல் பானை பொங்கினதை ஒருத்தரும் பாக்கேல்லை.

அடுத்த நாளே மனுசன் செடிக்குப் போடுற ஊதா லைட் வாங்கிக்கொண்டு வந்து பூட்டினார். யன்னலெல்லாம் ஊதா. ஒரு வெள்ளிக்கிழமை, கட்டிடம் பாக்கிற ஆள் வந்து மணி அடிச்சார். அந்த வெளிச்சத்தில கஞ்சாதான் வளக்கிறம் எண்டு அவருக்கு யோசினை. என்ர மனுசன் நெத்தி நிறையத் திருநீறோட அவரைச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லிச் சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வந்தவர் வாளியைப் பாத்தார், சாமிப் படங்களைப் பாத்தார், கடலைச் சுண்டலும் சாப்பிட்டிட்டுப் போனார்.

கிழங்கு தப்பிச்சுது. வைகாசியில, இனி உறையாது எண்டான பிறகு தொட்டிக்கு மாத்தினம். ஆடியில ஒரு மொட்டு வந்துது. ஒரு காலமை விரிஞ்சுது, நல்ல ரோசா நிறம். எனக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட. பறிச்சுச் சாமிக்கு வைக்கத்தானே இந்த மனுசன் இவ்வளவு பாடும் பட்டது! வேண்டாம் எண்டு எந்த வாயால சொல்லுறது?

பல்கனிக் கதவு திறந்துது. மனுசன் லட்சுமி படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, கதிரையில வைச்சு, பூவுக்கு நேரே திருப்பிவிட்டார்.

"பறிச்சால் உமக்கு நோகும். அதுதான் அவவை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தனான்" எண்டார்.

எனக்கு அழுகை வந்திட்டுது.